இல்லினாய் 8ஆவது தொகுதியில் வாக்களிக்கப் போகிறவர்களுக்கு

சிகாகோவின் வடமேற்குப் புறநகர்களைக் கொண்ட இல்லினாய் 8ஆவது காங்கிரஸ் தொகுதியில் (அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக்கான தொகுதி), 2010இல் ஜோ வால்ஷ் 300க்கும் குறைவான வாக்குகளில் மெலிசா பீனை வென்றார். எல்லைகள் மாற்றி வரையப்பட்ட பின் 2012இல் டாமி டக்வொர்த்தும், 2016இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தியும் வென்றார்கள். வரலாறு இந்த அளவு போதும். வாக்குரிமை சிக்கிக்கொள்வது அலுவலக மேசைகளில்தான்.

தொகுதிக்கென்று தேர்தல் அலுவலகம் கிடையாது. வாக்காளர் பதிவேடு, நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவான கவுண்டியிடம் இருக்கிறது. இந்தத் தொகுதியோ குக், டூபேஜ், கேன் என்ற மூன்று கவுண்டிகளில் பரவிக் கிடக்கிறது. எல்ஜின் நகரம் குக்கிலும் கேனிலும் இருக்கிறது, பார்ட்லெட் மூன்றிலுமே இருக்கிறது. ஊர்ப் பெயரையோ அஞ்சல் குறியீட்டையோ நம்பிப் போனால், தவறான கவுண்டி அலுவலகத்தில் வரிசையில் நின்று, "இங்கே இல்லை" என்ற ஒற்றை வரியோடு திரும்ப வேண்டியிருக்கும். மாநிலத் தேர்தல் வாரியத்தின் இணையதளத்தில் வீட்டு முகவரியை இட்டுப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். 2021இலும் எல்லை மாறியிருப்பதால் பழைய நினைவை நம்ப வேண்டாம்.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் தற்காலிக வாக்குச்சீட்டை நீட்டி அனுப்பப் பார்ப்பார்கள். அந்தச் சீட்டு பிறகு பரிசீலிக்கப்படும், நிராகரிக்கவும்படலாம். வீடு மாறியதால் பெயர் விடுபட்டவர்கள், தேர்தல் நாளன்றே தம் வாக்குச்சாவடியில் பதிவு செய்து வாக்களிக்கச் சட்டம் இடமளிக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். இரண்டு அடையாள ஆவணங்கள் வேண்டும். அவற்றில் ஒன்றில் தற்போதைய முகவரி இருந்தாக வேண்டும். பழைய முகவரி அச்சிட்ட ஓட்டுநர் உரிமத்தை மட்டும் எடுத்துப் போகிறவர்கள்தான் அலைக்கழிக்கப்படுகிறார்கள். மின்கட்டண ரசீதையோ வங்கி அறிக்கையையோ சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்குரிமை இல்லாத, கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்கள் மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டிய இடம் ஓட்டுநர் உரிம அலுவலகம். வாக்காளர் பதிவும் அங்கேயே நடக்கிறது. குடியுரிமை பற்றிய கேள்விக்கு அவசரத்தில் தவறாகக் குறித்துவிட்டாலோ, ஊழியர் கை நீட்டிய இடத்திலெல்லாம் கையொப்பமிட்டாலோ, பின்னாளில் குடியுரிமை விண்ணப்பமே மறுக்கப்படலாம்; நாடு கடத்தும் நடவடிக்கை வரைகூடப் போகலாம். விண்ணப்பதாரர் பிழையே செய்யாமலும் இது நடக்கும்: குடியுரிமை இல்லாத 500க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் கணினிக் கோளாறால் பதிவுக்கு அனுப்பப்பட்டதை மாநில அரசே 2020இல் ஒப்புக்கொண்டது. எனவே வாக்காளர் அட்டை உங்கள் வீடு தேடி வந்தால் மகிழ்ந்து வாக்களித்துவிடாதீர்கள். பதிவை நீக்கும்படி கவுண்டிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அதன் நகலைப் பத்திரப்படுத்தி, குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்த பிறகே குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள்.

ஆங்கிலம் தெரியாத பெற்றோர் குடியுரிமை பெற்றிருந்தால், அவர்கள் தமக்கு விருப்பமான ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். வேலை கொடுப்பவரும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. வாக்குச்சாவடியில் உதவி தரப்படும் மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லையே என்று அலுவலர் கைவிரித்தால், அது வேறு சட்டவிதி என்று சொல்லி, துணையுடன் வாக்களிப்பதற்கான உறுதிமொழிப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் வாக்காளரும் உதவுபவரும் கையொப்பமிட வேண்டும்.