ஓவர்டோஸ்: ‘போதை மிகுதி’ அன்று, மிகையளவு

கோத்தகிரிப் பக்கத்து ஊர்களில் ஒட்டுவதற்கான துண்டறிக்கை ஒன்றைத் திருத்தித் தரும்படி அண்மையில் என்னிடம் கொடுத்தார்கள். அதில் ‘ஓபியாய்டு ஓவர்டோஸ்’ என்பதற்குப் ‘போதை மிகுதி’ என்று போட்டிருந்தது.

கிரேக்கத்தில் ‘ஓபோஸ்’ என்றால் செடியின் சாறு. கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலுக்கு அதிலிருந்தே ‘ஓபியோன்’ என்ற பெயர் பிறந்தது. அது அரபியில் ‘அஃப்யூன்’ ஆகி நம்மிடம் ‘அபினி’யாக வந்து சேர்ந்தது, லத்தீன் வழியே சென்றது ‘ஓபியம்’ ஆயிற்று. ‘ஆய்டு’ என்னும் ஈற்றுக்குப் ‘போன்றது’ என்று பொருள். ஆகவே அபினியிலிருந்து எடுக்கும் மார்ஃபின், அதை மாற்றிச் செய்யும் ஹெராயின், ஆய்வகத்திலேயே உருவாகும் ஃபென்டனில், வலிக்கு எழுதித் தரும் டிரமடால் ஆகிய அனைத்தையும் அடக்க ‘அபினிவகை மருந்து’ என்பதே பொருந்தும். ‘போதைப்பொருள்’ என்றால், புற்றுநோய் வலிக்கான மார்ஃபின் மாத்திரையை மறதியில் திரும்பத் திரும்ப விழுங்கிவிட்ட பாட்டி விடுபட்டுப்போவார்.

‘டோஸ்’ என்பதும் கிரேக்கமே. ‘கொடுத்தல்’ என்பது அதன் வேர்ப்பொருள். (வாத்தியார் ‘டோஸ் விட்டார்’ என்று நாம் சொல்வதிலும் கொடுத்தல் இருக்கத்தான் செய்கிறது.) உடல் தாங்கும் அளவுக்கு மேல் போனதை ‘மிகையளவு’ என்று சொன்னால் போதும். ‘போதை’ என்று எழுதிவிட்டால், படிப்பவர் மனத்தில் அடுத்து எழுவது ‘தூங்கட்டும், காலையில் தெளிந்துவிடும்’ என்பதே. அபினிவகை மருந்து மிகும்போதோ மூளை மூச்சுவிடச் சொல்வதையே மறக்கிறது. மலைக்குளிரில் கம்பளி போர்த்திக் கிடப்பவரின் உதடு நீலம் பாரித்திருந்தால் குளிர் என்றும், தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் குறட்டை என்றும் எண்ணிவிடுவது எளிது. தட்டி எழுப்பியும் விழிக்காதவரின் கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கியிருந்தால் மிகையளவு என்றே ஐயப்பட வேண்டும். 108-ஐ அழைத்துவிட்டு, மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும்.

இதை முறிக்கும் மருந்து நலோக்சோன். 1961-இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டு, 1971-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2023 முதல் அங்கே மூக்கில் பீய்ச்சும் வடிவில் மருத்துவர் சீட்டு இல்லாமலேயே கிடைக்கிறது. துண்டறிக்கை இதை ‘மாற்று மருந்து’ என்றது. பாம்புக்கடிக்கு ‘விஷமுறிவு’ என்று ஊரே சொல்லும்போது ‘முறிமருந்து’ என்பதில் என்ன தயக்கம்? ஆனால் முறிப்பு நீடிப்பது அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம்தான். உள்ளே போன மருந்து அதற்குப் பிறகும் இருந்தால் மூச்சு மீண்டும் தாழும் என்பதால், கண் விழித்தவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும்.

‘மாற்று மருந்து’ என்ற சொல்லை வேறிடத்துக்கு ஒதுக்கி வைக்கலாம். பழக்கத்திலிருந்து மீள்வோருக்கு மெத்தடோனையோ நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபினையோ மருத்துவக் கண்காணிப்பில் தருவது உண்மையிலேயே மாற்று மருந்துச் சிகிச்சை. ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அளவு தெரியாத தெருச்சரக்குக்குப் பதில் அளந்து தரும் மருந்து என்பதைச் சொன்னால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள். இந்தச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று கேட்பதற்கான 14446 என்ற இலவச உதவி எண், துண்டறிக்கையில் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. அதைத் தலைப்புக்குக் கீழே ஏற்றிவிட்டேன்.