அட்ரினலின் அழைத்தும் அசையாத கொழுப்பு

வேகமாக மாடிப்படி ஏறும்போதோ, வெகுநேரம் சாப்பிடாமல் இருக்கும்போதோ உடம்புக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். அப்போது ரத்தத்தில் வரும் அட்ரினலின் ஹார்மோனும், கொழுப்புத் திசுவில் இருக்கும் பரிவு நரம்புகள் சுரக்கும் நார்அட்ரினலினும் கொழுப்புச் செல்லின் மேலுள்ள பீட்டா ஏற்பிகளில் (ஹார்மோனின் செய்தியை வாங்கும் புரதங்கள்) போய் ஒட்டுகின்றன. உடனே அந்தச் செய்தியைச் செல்லுக்குள் கொண்டுபோகும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு பெருகுகிறது. கொழுப்புத் துளியைப் போர்த்தியிருக்கும் பெரிலிப்பின் புரதம் வழிவிட, ஏடிஜிஎல், ஹெச்எஸ்எல் போன்ற நொதிகள் ட்ரைகிளிசரைடை, அதாவது சேமித்து வைத்த கொழுப்பை, வெட்டுகின்றன. ஒரு ட்ரைகிளிசரைடு முழுதாக உடைந்தால் மூன்று கொழுப்பு அமிலங்களும் ஒரு கிளிசராலும் கிடைக்கும்.

அதே செல்லின் மேல் ஆல்பா-2 ஏற்பிகளும் உண்டு. பீட்டா ஆக்ஸிலேட்டர் என்றால் ஆல்பா-2 பிரேக். பெண்களின் இடுப்பு, தொடைக் கொழுப்பில் இந்த பிரேக் பலமாக வேலை செய்வதால்தான் அங்கே கொழுப்பு லேசில் கரைவதில்லை.

சரி, கொழுப்பு உடைவதை எப்படி அளப்பது? வயிற்றுத் தோலுக்கு அடியில் நூல் போல மெல்லிய குழாயைச் செருகி, அதன் வழியே திரவத்தை மெதுவாக ஓடவிட்டு, வெளியே வரும் திரவத்தில் கிளிசரால் எவ்வளவு என்று பார்ப்பார்கள். உடைந்த கொழுப்பு அமிலங்களைச் செல் மறுபடியும் பிடித்துக் கோர்த்துக்கொள்ளும். கிளிசராலைக் கொழுப்புச் செல்லால் அப்படிப் பெரிதாகப் பயன்படுத்த முடியாது. அதனால் கிளிசரால் கணக்கு அவ்வளவாக ஏமாற்றாது.

உடல் பருமனில் தெரிவது வினோதமான நிலைமை. சும்மா இருக்கும்போதே உடம்பின் மொத்தக் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலம் நிறையக் கசிகிறது. அது கல்லீரலிலும் தசையிலும் சேர்ந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. ஆனால் அட்ரினலின் அழைக்கும்போது, வர வேண்டிய அளவு கூடுதல் கொழுப்பு வருவதில்லை. தோலடிக் கொழுப்பில் பீட்டா-2 ஏற்பிகளும் ஹெச்எஸ்எல் நொதியும் குறைந்துபோவது ஒரு காரணம்.

இன்னொன்று அழற்சி. பருத்த எலிகளில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் இதன் வழியைக் காட்டினார்கள். அழற்சியால் தூண்டப்படும் ஐகேகே-எப்சிலான், டிபிகே1 என்ற இரண்டு நொதிகள், சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்கும் வேறொரு நொதியை முடுக்கிவிடுகின்றன. ஏற்பியில் ஹார்மோன் ஒட்டினாலும் செய்தி உள்ளேயே அழிந்துவிடுகிறது. அந்த இரண்டையும் மருந்தால் தடுத்தபோது, கொழுப்புத் திசு மறுபடியும் பதில் சொன்னது.

இதையெல்லாம் பார்த்த பிறகும் பருமனானவரிடம் "வாயைக் கட்டினால் போதுமே" என்று சொல்வது அநியாயம். 1990களில் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பீட்டர் ஆர்னர் குழுவினர், எடை சரியாக இருந்தாலும் பெற்றோர், உடன்பிறந்தோரில் பருமன் உள்ளவர்களைச் சோதித்தார்கள். அவர்களுடைய கொழுப்புச் செல்களும் அட்ரினலின் வகை ஹார்மோன்களுக்கு மந்தமாகவே பதில் சொன்னதோடு, ஹெச்எஸ்எல் நொதியும் குறைவாக இருந்தது. ஆக, எடை ஏறுவதற்கு முன்பே இந்த மந்தம் சிலரிடம் இருக்கிறது.