மலிவான சைக்கிள் பேட்டரிக்கு ஒரு கணக்கு

எங்கள் தெருவில் நகைப் பட்டறை ஒன்று இருக்கிறது. போன வருஷம் ஒரு மாலை அங்கே போய், தங்கம் நிறுக்கும் தராசில் ஒரு பேட்டரி செல்லை வைத்து எடை பார்க்கச் சொன்னேன். 31.2 கிராம். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த இன்னொரு செல்லை வைத்தோம். 46.4 கிராம். இரண்டும் ஒரே உயரம், ஒரே பருமன். முதல் செல்லின் உறையில் கொள்ளளவு 9900 மில்லி ஆம்பியர்மணி என்று அச்சடித்திருந்தது. இரண்டாவதில் வெறும் 2600.

பேட்டரி விஷயத்தில் எடை எளிதில் ஏமாற்றாது. இந்த வகை செல்லுக்கு 18650 என்று பெயர்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் உயரம். உள்ளே ஒரு பக்கம் உலோக ஆக்சைடு பூசிய அலுமினியத் தகடு, மறுபக்கம் கிராஃபைட் பூசிய செம்புத் தகடு, நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள். எல்லாவற்றையும் பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி உருளைக்குள் இறக்கியிருப்பார்கள். லித்தியம் அயனிகள் தங்குவது அந்தப் பூச்சுகளில்தான். பூச்சு குறைந்தால் எடை குறையும், எடை குறைந்தால் மின்சாரமும் குறையும். நன்றாகச் செய்த 18650 செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். நல்ல பெயருள்ள நிறுவனங்களின் உயர்ந்த ரகத்திலேயே 3500 மில்லி ஆம்பியர்மணி அளவில்தான் கிடைக்கும். ஆக, 9900 என்று எழுதியிருந்தாலே அது பொய். தராசில் வைத்த முதல் செல்லோடு சேர்த்து, இணையத்தில் மலிவு என்று பார்த்து நான் வாங்கிய பத்து செல்களையும் சோதித்தபோது ஒன்றுகூட 1200-ஐத் தொடவில்லை.

அப்பாவின் பழைய சைக்கிளில் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவில் பொருத்தும் மோட்டார்) மாட்டி மின்சாரத்தில் ஓட்டலாம் என்று இறங்கியபோது எனக்குக் கிடைத்த முதல் பாடம் இது. மோட்டார், கண்ட்ரோலர், ஆக்சிலரேட்டர் அடங்கிய கிட் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. எல்லோரும் தடுமாறுவது பேட்டரியில்தான். மொத்தச் செலவில் பெரும் பங்கு அதற்கே போகிறது. அதில் மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலரும் காசை இழக்கிறார்கள். அதனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

எவ்வளவு மின்சாரம் தேவை? சமதளச் சாலையில் 25 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிளைப் பின்னுக்கு இழுப்பவை இரண்டு: டயர் உருள்வதில் வரும் தடை, எதிரே மோதும் காற்று. ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால் டயர் பக்கம் சுமார் 8 நியூட்டன், காற்றுப் பக்கம் சுமார் 17 நியூட்டன். மோட்டாரில் வீணாகும் பங்கையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 9 வாட்மணி ஆகிறது. சிக்னலில் நின்று நின்று கிளம்புவதற்கும் இடம் விட்டு 11 என்று வைத்துக்கொள்ளலாம். வேகத்தை 20-க்குக் குறைத்தால் காற்றின் பங்கு 11 நியூட்டனுக்கு இறங்கிவிடும். காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் வரும் லாபம் இது. பெடலும் கொஞ்சம் மிதித்தால் இன்னும் மிச்சம். (இந்தியாவில் 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் 25 கி.மீ.க்கு உட்பட்ட வேகமும் உள்ள வண்டிக்குப் பதிவும் உரிமமும் தேவையில்லை. அந்த வரம்புக்குள் நிற்பது பேட்டரிக்கும் நல்லது.)

தினம் 25 கி.மீ. போய்வர எனக்கு 275 வாட்மணி வேண்டும். கொஞ்சம் கையிருப்பு வைத்தால் 400. வோல்ட்டை ஆம்பியர்மணியால் பெருக்கினால் வாட்மணி வந்துவிடும்.

முதலில் எல்லோர் கண்ணிலும் படுவது ஈய அமில பேட்டரி. யு.பி.எஸ்.ஸில் இருக்குமே, அதே குடும்பம். 12 வோல்ட், 12 ஆம்பியர்மணி பேட்டரிகள் மூன்றைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட், 432 வாட்மணி. விலையும் குறைவு. ஆனால் அந்த 12 ஆம்பியர்மணி என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக, 0.6 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைப்பது. சைக்கிளோ 6, 7 ஆம்பியரை உறிஞ்சும். அந்த வேகத்துக்கு ஈயத் தகட்டின் உட்பகுதிவரை அமிலம் ஊறிப் போய்ச் சேர முடிவதில்லை. கையில் கிடைப்பது 60 சதவீதம், அதாவது சுமார் 260 வாட்மணி. எடை 12 கிலோவை ஒட்டி வரும். தினமும் அடிமட்டம்வரை காலி செய்தால் 300 சுற்றுக்குள் (ஒருமுறை ஏற்றிக் காலி செய்வது ஒரு சுற்று) ஓய்ந்துவிடும். 260-ஐ 300-ஆல் பெருக்குங்கள். அதன் ஆயுள் முழுக்கக் கிடைக்கும் மின்சாரம் 78 யூனிட் (ஆயிரம் வாட்மணி ஒரு யூனிட்). பேட்டரியின் விலையை இந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் உண்மையான விலை. இந்த வகுத்தலை நான் முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

அடுத்தது காயலான் கடை லேப்டாப் பேட்டரி. எனக்கு இதில் தனிப் பிரியம் உண்டு, காரணமும் இருக்கிறது. ஆறு செல் லேப்டாப் பேட்டரியில் இரண்டிரண்டாகச் சேர்ந்த மூன்று ஜோடிகள் தொடராக நிற்கும். அதில் ஒரு ஜோடி கெட்டாலே உள்ளிருக்கும் சர்க்யூட் மொத்த பேட்டரியையும் நிறுத்திவிடும். மற்ற நான்கு செல்களும் பல சமயம் நல்ல நிலையிலேயே குப்பைக்கு வந்துவிடுகின்றன. அவற்றைத் தேடிப் பிடிப்பதில் ஒரு திருப்தி இருக்கிறது.

ஆனால் பொறுமை வேண்டும். பிரித்தவுடன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்தவற்றை அப்போதே ஒதுக்கினேன். அவ்வளவு ஆழத்துக்கு வடிந்த செல்லில் செம்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் ஊசி போலப் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். மிஞ்சியவற்றை 4.2 வோல்ட்வரை ஏற்றி, தேதி எழுதி, இரண்டு வாரம் சும்மா வைத்தேன். அதற்குள் 4.1-க்குக் கீழே இறங்கியவை தள்ளுபடி. அப்புறம் ஒவ்வொன்றையும் மெதுவாகக் காலி செய்து, எவ்வளவு கொடுக்கிறது என்று அளந்தேன். 60 செல்லில் 23 தேறின.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. பழைய செல்லில் கொள்ளளவைவிட முக்கியமானது உள்தடை, அதாவது மின்சாரம் வெளியே வர செல்லே காட்டும் எதிர்ப்பு. இதை எண்களோடு பார்த்தால்தான் புரியும். 36 வோல்ட் பேட்டரிக்கு நான்கு நான்காகச் சேர்த்த பத்துக் குழுக்கள் தொடராக வேண்டும், மொத்தம் 40 செல். ஒரு செல்லின் உள்தடை 100 மில்லி ஓம் என்றால் நான்கு சேர்ந்த குழுவுக்கு 25, பத்துக் குழுவுக்கும் 250 மில்லி ஓம். மேம்பாலம் ஏறும்போது மோட்டார் 15 ஆம்பியர் இழுத்தால் 3.75 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே விழுந்துவிடும். 56 வாட் வெப்பமாக மாறும். ஒரு சால்டரிங் அயர்னைச் சூடேற்றி, பேட்டரிப் பெட்டிக்குள் போட்டு மூடினால் எப்படியோ அப்படி. அதே இடத்தில் 40 மில்லி ஓம் கொண்ட புது செல் இருந்தால் 22 வாட்தான். பாதி சார்ஜ் இருக்கும்போதே பாலத்தில் வண்டி நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வோல்ட் சரிந்ததும் கண்ட்ரோலர் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து மோட்டாரை நிறுத்திவிடுகிறது.

இன்னொன்று. தொடராக இணைத்த குழுக்கள், வரிசையில் நின்று செங்கல் கைமாற்றும் சித்தாள்கள் மாதிரி. ஒருவர் தளர்ந்தால் மொத்த வரிசையும் தளரும். ஒரே கொள்ளளவு, ஒரே தடை உள்ள 40 பழைய செல் சேர்ப்பது மாதக்கணக்கில் ஆகும் வேலை. நேரமும் கற்கும் ஆசையும் இருப்பவருக்கு இந்த வழி சரி. அடுத்த மாதம் வேலைக்கு சைக்கிளில் போக வேண்டும் என்பவருக்கு நான் சொல்லமாட்டேன். அந்த 23 செல்லை நான் டார்ச்சுக்கும் சின்ன சோலார் விளக்குக்கும் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் சைக்கிளில் ஏறியது எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு இதைப் பற்றி 1997-இல் கட்டுரை வெளியிட்டது. அதில் அவரோடு அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி என்ற இந்திய ஆராய்ச்சியாளர்களின் பெயர்களும் உண்டு. குட்இனஃபுக்கு லித்தியம் அயனி பேட்டரிக்கான நோபல் பரிசு 2019-இல் கிடைத்தது. கோபால்ட்டும் நிக்கலும் வேண்டாம், இரும்பும் பாஸ்பேட்டும் போதும் என்பதால் மூலப்பொருள் மலிவு. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ஆக்சிஜன் விவகாரம். லேப்டாப் வகை செல் சுமார் 200 டிகிரிக்கு மேல் சூடானால் அதன் ஆக்சைடு தானே ஆக்சிஜனை வெளியிடும். எரிபொருளும் ஆக்சிஜனும் ஒரே டப்பாவுக்குள் இருந்தால் அணைப்பது மிகக் கடினம். பாஸ்பேட்டில் ஆக்சிஜனை பாஸ்பரஸ் இறுகப் பிடித்திருப்பதால் அது அவ்வளவு எளிதில் வெளியே வராது. எரியவே எரியாது என்றில்லை. பற்றிக்கொள்வது கடினம், பரவுவதும் மெது.

சென்னை ரிச்சி தெருவில் 32700 என்ற பருமனான செல்லாக இது கிடைத்தது. 3.2 வோல்ட், 6 ஆம்பியர்மணி, எடை சுமார் 140 கிராம். இரண்டிரண்டாகப் பன்னிரண்டு குழுக்கள், மொத்தம் 24 செல்: 38.4 வோல்ட், 460 வாட்மணி, மூன்றரைக் கிலோ. திருகு வைத்த ரகம் வாங்கினால், செல்களைத் தகட்டோடு ஒட்டும் ஸ்பாட் வெல்டிங்கும் தேவையில்லை. செல் மேல் நேரடியாக ஈயம் வைத்துப் பற்றவைக்கவே கூடாது. உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தாள் 130 டிகிரியிலேயே உருகத் தொடங்கும், சால்டரிங் அயர்னின் முனையோ 350 டிகிரி.

விலை ஈய அமிலத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் வந்தது. ஆனால் ஒரு சார்ஜில் 400 வாட்மணி எடுத்து, 2000 சுற்று ஓட்டினால் ஆயுள் முழுக்க 800 யூனிட். ஈய அமிலம் தந்தது 78. அந்த வகுத்தலைப் போட்டால் பில் தொகை அதிகமான பேட்டரிதான் யூனிட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு விலையில் முடிகிறது.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று பி.எம்.எஸ். சர்க்யூட், ஒவ்வொரு குழுவின் வோல்ட்டையும் தனித்தனியாகக் கவனித்து எல்லை மீறினால் துண்டிப்பது. மற்றொன்று சார்ஜர். இந்தப் பன்னிரண்டு குழு எல்.எஃப்.பி.க்கு 43.8 வோல்ட், பத்துக் குழு லேப்டாப் வகைக்கு 42 வோல்ட். இரண்டின் மேலும் 36 வோல்ட் என்றே எழுதியிருக்கும், பிளக்கும் ஒரே மாதிரி இருக்கும். மாற்றிப் போட்டால் லேப்டாப் வகை செல்களுக்குள் அளவுக்கு மேல் சார்ஜ் ஏறும். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் வண்டி தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அதைப் படித்த பிறகு நான் வாசலை மறித்து வண்டியை நிறுத்தி சார்ஜ் போடுவதில்லை. தூங்கும்போதும் போடுவதில்லை. மே மாத வெயிலில் வந்தால் பெட்டி ஆறும்வரை காத்திருந்துவிட்டுத்தான் பிளக்கைச் செருகுகிறேன்.

மாதம் ஒருமுறை, சார்ஜ் நிறையும் நேரத்தில் பன்னிரண்டு குழுக்களையும் மல்டிமீட்டரில் அளந்து நோட்டில் குறிக்கிறேன். எல்.எஃப்.பி.யின் வோல்ட் நடுவில் எல்லாம் ஒரே மட்டமாக நிற்கும், குழுக்களுக்கு இடையிலான வித்தியாசம் உச்சியில்தான் தெரியும். ஏழாவது குழு மட்டும் இரண்டு மாதமாக 20 மில்லி வோல்ட் பின்தங்கி நிற்கிறது. இந்த ஞாயிறு அதன் திருகுகளைக் கழற்றி, துடைத்து, இறுக்கிப் பார்க்க வேண்டும்.