அமெரிக்க அரசியலமைப்பில் 'நபர்' என்ற சொல்: அது யாருக்கெல்லாம் காவல்?

பிள்ளைகள் வேலை விசாவிலோ படிப்பு விசாவிலோ அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. குடியுரிமை இல்லாதவருக்கு அந்த நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் துணைக்கு வருமா? பெரும்பகுதி வரும். நாட்டின் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது, அது குடிமக்களுக்கு மட்டும். ஆனால் போலீஸ் பிடித்தால் என்ன செய்யலாம், வீட்டை எப்போது சோதனை போடலாம், கோர்ட்டில் எப்படி விசாரிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் உள்ள வரம்புகள் அங்கே வசிக்கும் எல்லோருக்கும் பொது. காரணம், அந்தச் சட்டத்தின் முக்கியமான இடங்களில் 'குடிமகன்' என்று எழுதாமல் 'நபர்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல் அங்கே வந்து உட்கார்ந்த கதை தெரிந்தால் அமெரிக்க ஆட்சிமுறையே பாதி புரிந்துவிடும்.

1776-ல் பிரிட்டிஷ் மன்னரிடமிருந்து பிரிந்த 13 மாகாணங்கள், இன்னொரு மன்னர் முளைத்துவிடக் கூடாது என்று மத்திய அரசை வேண்டுமென்றே பலவீனமாக வைத்தன. 1781-ல் நடைமுறைக்கு வந்த முதல் உடன்படிக்கையின்படி மத்திய அரசு வரி போட முடியாது. மாகாணங்களிடம் கேட்டு வாங்க வேண்டும், கொடுத்தால் உண்டு. உடன்படிக்கையில் ஒரு வரியை மாற்றவும் 13 மாகாணங்களும் சம்மதிக்க வேண்டும். 1786-ல் மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதியில் கடனும் வரியும் கட்ட முடியாத விவசாயிகள், அவர்களில் பலர் சுதந்திரப் போரில் சண்டையிட்ட சிப்பாய்கள், நிலம் ஜப்தியாவதைத் தடுக்க நீதிமன்றங்களை மறித்தார்கள். அதை அடக்க மத்திய அரசால் படை திரட்ட முடியவில்லை. பாஸ்டன் வியாபாரிகள் கொடுத்த பணத்தில்தான் மாசசூசெட்ஸ் படை புறப்பட்டது.

அடுத்த ஆண்டு, 1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை, பிலடெல்பியாவில் மாகாணப் பிரதிநிதிகள் 55 பேர் கூடினார்கள். ரோட் ஐலண்ட் மாகாணம் மட்டும் ஆள் அனுப்பவில்லை. பேச்சு வெளியே போகக் கூடாது என்று கோடை வெயிலிலும் கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அதிகாரம் இல்லாவிட்டால் நாடு சிதறும், அதிகாரம் ஒரே கையில் குவிந்தால் மன்னராட்சி திரும்பும். இந்த இரண்டு பயங்களுக்கும் நடுவே வழி தேடி அவர்கள் எழுதிய அரசியலமைப்புச் சட்டம் நான்கு தோல் தாள்களில் அடங்கிவிட்டது.

அந்த வழி, அதிகாரத்தைப் பங்கு போட்டு ஒவ்வொரு பங்கையும் மற்றதன் கண்காணிப்பில் வைப்பது. சட்டம் இயற்றுவதும் பணம் ஒதுக்குவதும் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்தின் வேலை. அதற்கு இரண்டு சபைகள். பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்கள், செனட்டில் பெரிய மாகாணமானாலும் சின்ன மாகாணமானாலும் இரண்டே இடங்கள். ஜனாதிபதி சட்டத்தை நிறைவேற்றுவார், மசோதாவைத் திருப்பி அனுப்பலாம். ஆனால் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் அவரை மீறியும் அது சட்டமாகும். நீதிபதிகளை அவர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தர வேண்டும். பதவிக்கு வந்த நீதிபதி யாருக்கும் கட்டுப்பட்டவரில்லை. 1952-ல் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது, வேலைநிறுத்தத்தால் உற்பத்தி நின்றுவிடும் என்று ஜனாதிபதி ட்ரூமன் எஃகு ஆலைகளை அரசின் பொறுப்பில் எடுத்தார். காங்கிரஸ் தராத அதிகாரம் அது என்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தடுத்தது. ட்ரூமன் நியமித்த நான்கு நீதிபதிகளில் இருவர் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ஆலைகள் உரிமையாளர்களிடம் திரும்பிப் போயின.

சரி, தனி மனிதருக்கு இதில் என்ன இருக்கிறது? முதலில் எழுதியதில் அதிகம் இல்லை. உரிமைப் பட்டியல் இல்லாத ஆவணத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் ஒதுங்கிக்கொண்டார். பல மாகாணங்களிலும் அதே குறை எழுந்ததால் 1791-ல் 10 திருத்தங்கள் சேர்ந்தன. ஐந்தாவது திருத்தம், உரிய சட்ட நடைமுறை இல்லாமல் எந்த நபரின் உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. ஆனால் அது மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. மாகாண அரசுகளுக்கு அது பொருந்தாது என்று 1833-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அதைவிட வேதனையான ஒன்றும் உண்டு. 1787-ல் எழுதிய மூலத்தில் 'அடிமை' என்ற சொல் எங்கும் கிடையாது. 'மற்ற நபர்கள்' என்றுதான் இருக்கும். அந்த 'மற்ற நபர்கள்' ஐந்து பேரை மூன்று பேராகக் கணக்கிட்டு, தென் மாகாணங்களுக்குக் கூடுதல் இடங்கள் தந்தார்கள். அந்த மனிதர்களுக்கு ஓட்டும் இல்லை, விடுதலையும் இல்லை. ஒரு கொடுமையை மூடி மறைக்கத்தான் 'நபர்' என்ற சொல் அங்கே பயன்பட்டது.

அதை மாற்ற உள்நாட்டுப் போர் தேவைப்பட்டது. 1865-ல் 13-வது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-ல் வந்த 14-வது திருத்தம், அமெரிக்க மண்ணில் பிறந்து அந்நாட்டு அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள் குடிமக்கள் என்றது. கூடவே, எந்த மாகாணமும் உரிய நடைமுறை இல்லாமல் எந்த நபரின் உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது, எந்த நபருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்றது.

அந்தச் சொல்லை உரசிப் பார்த்தவர் சான் பிரான்சிஸ்கோவில் சலவைக்கடை வைத்திருந்த லீ யிக் என்ற சீனர். 1880-ல் அந்த மாநகரம் ஓர் உத்தரவு போட்டது. செங்கல், கல் கட்டடமாக இல்லாத இடத்தில் சலவைக்கடை நடத்த நகர மேற்பார்வைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பது உத்தரவு. நகரில் இருந்த சுமார் 320 கடைகளில் ஏறத்தாழ 310 மரக் கட்டடங்கள்தான். சுமார் 240 கடைகள் சீனர்களுடையவை. மனுப் போட்ட சுமார் 200 சீனர்களில் ஒருவருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. சீனர் அல்லாதவர்களின் மனுக்களில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் கிடைத்தது. லீ யிக் ஒரே கட்டடத்தில் 22 ஆண்டுகள் கடை நடத்தியவர். கொதிகலனும் அடுப்பும் பாதுகாப்பாக இருக்கின்றன என்று தீயணைப்பு அதிகாரிகள் தந்த சான்றிதழும் அவர் கையில் இருந்தது. ஆனாலும் 10 டாலர் அபராதம் போட்டார்கள். கட்டாததால் சிறையில் அடைத்தார்கள்.

அன்றைய சட்டப்படி சீனர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறவே முடியாது. அப்படிப்பட்டவருக்காக 1886 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 14-வது திருத்தம் குடிமக்களோடு நிற்பதல்ல, சட்டம் எழுத்தில் நடுநிலையாக இருந்தாலும் நடைமுறையில் ஒரு கூட்டத்தாரை மட்டும் குறிவைத்தால் செல்லாது என்றது தீர்ப்பு. லீ யிக் விடுதலையானார்.

இதன் வரம்பையும் சொல்லிவிட வேண்டும். யாரை நாட்டுக்குள் விடுவது என்பதில் அரசின் கை மிக ஓங்கியது. 1889-ல் அதே உச்ச நீதிமன்றம் சீனர்களை உள்ளே விடாத சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆகவே விசா கிடைப்பது உரிமையல்ல. அப்புறம், இந்த உரிமைகள் கட்டுப்படுத்துவது அரசை. வேலை கொடுத்த கம்பெனியோடு தகராறு என்றால் அதற்குத் தொழிலாளர் சட்டங்கள் தனி.

வக்கீல் விஷயத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 1961-ல் ஃபுளோரிடாவில் திருட்டு வழக்கில் வக்கீல் இல்லாமல் தண்டனை பெற்ற கிடியன் என்ற ஏழை, சிறையிலிருந்து பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963-ல் வந்த தீர்ப்பின் பலனாக, கடுமையான குற்ற வழக்கில் வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும். மறுவிசாரணையில் கிடியன் விடுதலையானார். ஆனால் நாடு கடத்தும் வழக்கு குற்ற வழக்காகக் கருதப்படுவதில்லை. அங்கே வக்கீல் வைத்துக்கொள்ளலாம், செலவு நம்முடையது. விசாரணையும் பதில் சொல்லும் வாய்ப்பும் கேட்கும் உரிமை மட்டும், ஐந்தாவது திருத்தத்தின் 'நபர்' என்ற சொல்லால், அங்கேயும் உண்டு.

'சட்டத்தின் சமமான பாதுகாப்பு' என்ற அந்தத் தொடர் அங்கிருந்து நம் அரசியலமைப்பின் 14-வது பிரிவுக்கும் வந்தது. அந்தப் பிரிவும், உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21-வது பிரிவும் குடிமக்களை மட்டும் சொல்லவில்லை, நபரைத்தான் சொல்கின்றன. தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில், இந்தியக் குடியுரிமை இல்லாமல் பல பத்தாண்டுகளாக வாழும் குடும்பங்களுக்கு அந்த இரண்டு பிரிவுகளும் பொருந்தும்.