கேம் ஃபிஷ்: வேட்டை மீன்

மயில் மீன், மார்லின், மஞ்சள் துடுப்புச் சூரை, பெரும்பாரை. வெப்பக் கடல்களில் இவற்றைத் தூண்டில் கழியும் நரம்பு சுற்றும் ரீலுமாகத் துரத்திப் பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘பிக் கேம் ஃபிஷிங்’ என்று பெயர். மீன், ‘கேம் ஃபிஷ்’. புதுச்சேரிப் படகுச் சவாரி விளம்பரம் முதல் கைபேசிக் காணொளி வரை இதை ‘விளையாட்டு மீன்’ ஆக்கிவிட்டார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

பழைய ஆங்கிலத்தில் ‘கேம்’ என்றால் களிப்பு. வேட்டையும் ஒரு களிப்பு என்பதால் பிற்பாடு வேட்டையில் விழும் உயிருக்கும் அதுவே பெயராயிற்று. கேம் ஃபிஷில் இருப்பது இந்தப் பிற்பாட்டு கேம். அவ்வளவுதான் கதை.

ஆப்பிரிக்கக் காட்டில் வெள்ளைக்காரர்கள் சுட்ட சிங்கமும் யானையும்கூட ‘பிக் கேம்’தான். அவற்றை ‘விளையாட்டு விலங்கு’ என்று எழுதக் கை வருமா? மீன் என்றால் மட்டும் ஏன் வருகிறது? தமிழில் ‘விளையாட்டு’ முன்னால் வந்தால் விளையாட்டுச் சாமான், விளையாட்டுப் பிள்ளை, விளையாட்டுத் துறை என்றுதான் நினைப்பு ஓடும். ‘விளையாட்டு மீன்’ என்றதும் குழந்தை குளிக்கும் தொட்டியில் மிதக்கும் ரப்பர் மீன்தான் என் கண்ணுக்குத் தெரிகிறது. 1953இல் பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரட் கிளாசெல் பிடித்த கருப்பு மார்லின் 1,560 பவுண்டு, கிட்டத்தட்ட 708 கிலோ. அதுவும் விளையாட்டு மீனாம்!

‘ஸ்போர்ட் ஃபிஷிங்’ என்றும் சொல்கிறார்களே என்பார்கள். சரி, செயலுக்கு ‘விளையாட்டு மீன்பிடிப்பு’ இருந்துவிட்டுப் போகட்டும். அதில் போட்டி உண்டு, விதி உண்டு. மீனோடு மல்லுக்கு நிற்கும்போது கழியை வேறொருவர் தொட்டால் உலகச் சாதனைக் கணக்கில் சேராது. ஆனால் விளையாடுவது மனிதன். தொண்டையில் தூண்டில் முள் மாட்டிய மீனுக்கு என்ன விளையாட்டு?

‘வேட்டை மீன்’ என்பதே சரி. பெரியதென்று அழுத்த வேண்டுமானால் ‘பெருவேட்டை மீன்’. வேட்டை நாய்போல, வேட்டையாடுகிற மீன் என்று பொருள்படாதா? படும், நட்டமில்லை, சூரையும் மயில் மீனும் கோலாவையும் மத்தியையும் துரத்தித் தின்கிற சாதிதான். கடலுக்கு இந்தச் சொல் புதிதுமில்லை. ‘வேட்டம் பொய்யாது வலைவளம் சிறப்ப’ என்றுதான் நற்றிணையின் 38ஆம் பாட்டு தொடங்குகிறது. பரதவர் மீன்பிடிக்கப் போவதே அங்கே வேட்டம். இன்று கடலூர் தேவனாம்பட்டினத்து மீனவர்களைக் கேட்டால் ‘தொழிலுக்குப் போறோம்’ என்பார்கள். அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. அப்புறம், வேட்டை என்ற சொல் சும்மாதானே கிடக்கிறது? காசு கட்டிப் படகேறுகிறவருக்குக் கொடுத்துவிடலாம்.

இந்த ஒரு சொல்லோடு போனாலும் பரவாயில்லை. மாட்டிய மீன் இழுக்கும்போது தூண்டில் நரம்பை ஓடவிட்டு, சோரும்போது சுற்றி எடுப்பதை ‘மீனுடன் விளையாடுதல்’ என்று ஒரு காணொளியில் கேட்டேன். ‘விட்டுப் பிடிப்பது’ என்று நம் வீட்டிலேயே சொல் இருக்கிறது. அடம்பிடிக்கிற பிள்ளையிடம்கூட அதைத்தான் செய்யச் சொல்கிறோம். அதே காணொளியில், கழியைப் பிடித்தபடி உட்காரும் ‘ஃபைட்டிங் சேர்’ இருக்கைக்குப் பெயர் ‘சண்டை நாற்காலி’. கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் இடம்பிடிக்கிறார்களே, அந்த நாற்காலிக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.