இடது இதயம் தளர்ந்தால் வலது இதயம் ஏன் வீங்குகிறது?

இதயச் செயலிழப்பு என்றதும் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) ரிப்போர்ட்டில் எல்லோரும் தேடுவது 'இ.எஃப்.' என்ற ஒரே எண்ணைத்தான். ஒவ்வொரு துடிப்புக்கும் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. வலது கீழறைக்கு அதே ரிப்போர்ட்டில் ஓரிரு வரிதான் இருக்கும். நோயாளியின் நிலைமை எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பல நேரம் அந்த வரிகளே சொல்லிவிடும்.

இரண்டு கீழறைகளும் நிமிடத்துக்கு ஏறக்குறைய அதே 5 லிட்டர் ரத்தத்தைத்தான் தள்ளுகின்றன. ஆனால் இடது தள்ளுவது 120/80 அழுத்தத்தை எதிர்த்து. வலதுக்கோ 25/10 அளவுதான். நுரையீரல் ரத்தக்குழாய்கள் அவ்வளவு தாராளமாக வழி விடுகின்றன. அதனால் வலது கீழறையின் சுவர் 3 முதல் 5 மில்லிமீட்டர் கனமே இருந்தாலும் போதும்.

1943இல் அமெரிக்காவில் ஐசக் ஸ்டார் குழுவினர் நாய்களின் வலது கீழறையைச் சுட்டுச் சேதப்படுத்திப் பார்த்தார்கள். சிரை அழுத்தம் பெரிதாக ஏறவில்லை. 'அப்படியானால் வலது இதயம் வெறும் வழிப்பாதைதான்' என்ற எண்ணம் நெடுநாள் நிலைத்தது. அந்த நாய்களின் நுரையீரலும் இடது இதயமும் நன்றாக இருந்தன என்பதை மறந்துவிட்டார்கள்!

இதயச் செயலிழப்பில் சிக்கலே அங்கேதான். இடது கீழறை விறைத்தாலோ தளர்ந்தாலோ அதன் மேலறையில் அழுத்தம் ஏறும். மேலறைக்கும் நுரையீரல் சிரைகளுக்கும் இடையே வால்வு கிடையாது. அழுத்தம் நேராக நுரையீரலின் நுண்குழாய்களுக்குப் போய்விடும். அது திடீரென 25 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் நீர் கசிந்து, படுத்தாலே மூச்சு முட்டும். மெல்ல ஏறி மாதக்கணக்கில் நீடித்தால் நுரையீரலின் சிறு தமனிகள் சுருங்கித் தடித்துவிடும். நுண்குழாய்களுக்கு அது ஓரளவு காப்புதான், ஆனால் சுமை வலது கீழறையின் தலையில் விழுகிறது.

கூடுதல் ரத்தம் வந்தால் வலது கீழறை சமாளித்துக்கொள்ளும். கூடுதல் அழுத்தம் அதற்கு ஒத்துவராது. முதலில் தடிக்கும், அப்புறம் விரியும். விரிந்தால் வலது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மூவிதழ் வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசியும். நடுச்சுவர் இடப்பக்கம் தள்ளப்பட்டு, ஏற்கெனவே தடுமாறும் இடது அறைக்கும் இடம் குறையும். கழுத்துச் சிரை புடைக்கும், கால் வீங்கும், கல்லீரல் கனக்கும். சிறுநீரகச் சிரையிலும் அழுத்தம் ஏறுவதால் சிறுநீர் குறையும். குடல் சுவர்கூட வீங்கி, நீர் பிரியும் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். மருத்துவமனையில் அதே மருந்தை ஊசியாகப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எக்கோவில் மூவிதழ் வால்வின் வளையம் ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு நகர்கிறது என்று அளப்பார்கள். 17 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் தளர்ச்சி. நுரையீரல் அழுத்தம் எவ்வளவு இருக்கும்போது அந்த நகர்வு என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

சரி, நுரையீரல் குழாய்களை விரிக்கும் மருந்து கொடுத்தால் ஆகாதா? இடப்பக்கம் அடைத்திருக்கும்போது அப்படித் திறந்துவிட்டால், விறைத்த அறைக்குள் ரத்தம் மேலும் பாய்ந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். அதனால் முதல் வைத்தியம் இடப்பக்கத்துக்குத்தான். இந்தியாவில் இன்றும் காணப்படும் வாதக் காய்ச்சலால் (ருமாட்டிக் காய்ச்சல்) சுருங்கிய மைட்ரல் வால்வில், அதாவது இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வில், இது கண்கூடு: பலூன் செலுத்தி அதை விரித்ததும் நுரையீரல் அழுத்தம் அந்தச் சிகிச்சை மேசையிலேயே இறங்கத் தொடங்கும்.