கில்லர் இன்ஸ்டிங்க்ட்: தமிழில் வன்கண்மை

பெருந்தொழிலதிபர்களைப் பற்றிய கட்டுரைகளிலும் விளையாட்டு வர்ணனைகளிலும் அடிக்கடி வரும் தொடர் ‘கில்லர் இன்ஸ்டிங்க்ட்’. வெற்றி கைக்கெட்டும் நேரத்தில் தளராமல், எதிரில் நிற்பவருக்காக இரங்கி வேகத்தைக் குறைக்காமல், எடுத்த செயலை முடித்தே தீரும் மனப்போக்கை அது குறிக்கிறது.

இத்தொடரைப் பரப்பியது குத்துச்சண்டை. தள்ளாடும் எதிராளி நிலைகொள்வதற்கு முன்பே அவரை வீழ்த்திவிடும் வீரர்களைப் பற்றி 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விளையாட்டு எழுத்தாளர்கள் இப்படி எழுதினார்கள். 1919இல் ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை தரையில் வீழ்த்தி உலகப் பட்டம் வென்ற ஜாக் டெம்ப்சி அத்தகைய வீரர். பிறகு அது வணிகப் பேச்சிலும் புகுந்தது. ‘இன்ஸ்டிங்க்ட்’ என்பது தூண்டுதல் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லின் வழிவந்தது. உளவியல் நூல்கள் அதைத் தமிழில் ‘இயல்பூக்கம்’ என்கின்றன. ஆனால் இங்கே ‘கொலை இயல்பூக்கம்’ என்று எழுதினால் அது குற்றவியல் சொல்லாகிவிடும். ‘கொலைவெறி’ அதைவிடப் பிழையானது. வெறியில் கணக்கு இருப்பதில்லை, இத்தொடரால் சுட்டப்படுபவரோ ஒவ்வோர் அடியையும் கணக்கிட்டு வைப்பவர்.

எந்தத் தமிழ்ச்சொல் பொருந்தும் என்று காண, தொழிலதிபர்களின் செயலையே பார்க்க வேண்டும். 1870இல் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் ராக்ஃபெல்லர், 1872இல் சில வாரங்களுக்குள் கிளீவ்லாந்து நகரின் 26 போட்டிச் சுத்திகரிப்பு ஆலைகளில் 22ஐ வாங்கிவிட்டார். இரயில் நிறுவனங்களோடு அவர் பேசி வைத்திருந்த கட்டணச் சலுகைகளை அறிந்த போட்டியாளர்களுக்கு, விற்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அந்த ஆதிக்கம் வளர்ந்து, 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுவனத்தைப் பிரிக்க ஆணையிடும் அளவுக்குச் சென்றது. கணினிச் சில்லுகள் செய்யும் இன்டெல் நிறுவனத்தை வழிநடத்திய ஆண்டி குரோவ் காட்டிய கடுமை வேறு வகையானது. ஜப்பானிய நிறுவனங்களின் போட்டியில் நினைவகச் சில்லுத் தொழில் நலிந்தபோது, தங்கள் நிறுவனத்தை வளர்த்த அதே தொழிலை 1985இல் கைவிட்டு, நுண்செயலிகளின் பக்கம் முழுவதுமாகத் திரும்ப அவரும் இன்டெலின் நிறுவனர்களுள் ஒருவரான கார்டன் மூரும் முடிவெடுத்தார்கள். ஆலைகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ராக்ஃபெல்லரின் கடுமை போட்டியாளர் மீது பாய்ந்தது. குரோவின் கடுமை தாமே கட்டியதன் மீது பாய்ந்தது. இரண்டுக்கும் இத்தொடரையே பயன்படுத்துகிறார்கள்.

‘விடாமுயற்சி’, ‘மனவுறுதி’ ஆகியவற்றில் அந்தக் கடுமை இல்லை. ‘ஈவிரக்கமின்மை’யில் உறுதி இல்லை. திருக்குறள் தனி அதிகாரமாகப் பேசும் ‘வினைத்திட்பம்’ (செயலில் உறுதி) அழகான சொல். ஆனால் அது முழுக்கப் புகழ்ச்சி, பிறருக்கு நேரும் இழப்பை அது சொல்வதில்லை. உறுதியையும் இரக்கமின்மையையும் ஒருசேரச் சுமக்கும் சொல் ‘வன்கண்மை’ என்பதே என் துணிபு. அமைச்சருக்கு வேண்டிய ஐந்தில் முதலாவதாகக் குறள் வைப்பது ‘வன்கண்’ (632). அங்கே அது செயலில் அசையாத உறுதி. அதே நூல், பிறருக்கு ஈயாமல் பொருளைச் சேர்த்து வைத்து இழப்பவரையும் ‘வன்கணவர்’ என்கிறது (228). அங்கே அது நெஞ்சின் ஈரமின்மை. இதற்கு எதிர்நிலையில் நிற்பது ‘கண்ணோட்டம்’. இன்று அச்சொல்லைப் பார்வைக்கோணம் என்னும் பொருளில் ஆள்கிறோம். குறளில் அது கண்டவுடன் இரங்கும் இயல்பு. ‘கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்துஇவ் வுலகு’ (578) என்ற குறள், செயலும் கெடாமல் இரக்கமும் குன்றாமல் நடத்தல் இயலும் என்று கொள்வதால், வன்கண்மை ஒன்றே வெற்றிக்கு வழி என்போர் அதை ஊன்றிப் படிக்க வேண்டும்.

எழுதும்போது, பண்பைக் குறிக்க ‘வன்கண்மை’ என்றும் அப்பண்புடையவரைக் குறிக்க ‘வன்கணர்’ என்றும் ஆளலாம். விளையாட்டுச் செய்தியில் ‘முடித்துவைக்கும் வன்கண்மை அணியிடம் இல்லை’ என்பது இயல்பாகவே ஒலிக்கும். எவருக்கும் கேடு செய்யாத உறுதியைப் பாராட்டும் இடத்தில் மட்டும் ‘வினைத்திட்பம்’ என்றே எழுதுக.